வரலாற்றுக் கண்காட்சிக்கு வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம்: பலகை எப்படிச் செய்வது?

பூண்டி அம்மா (சனி, இரவு 9.40)

வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து போய், உப்பெடுத்து ஆங்கிலேயர் சட்டத்தை மீறினார்களே, அந்த வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி. நடந்து போனவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போனார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு வேறு தலைப்பே வேண்டாமாம்.

போன வருடம் கடையில் ஆயத்தமாகக் கிடைத்த சார்ட்டை வாங்கி ஒட்டி அனுப்பினேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரும் அதன் முன்னால் நிற்கவில்லை. பிள்ளை நாள் முழுக்கச் சும்மா நின்றுவிட்டு வந்து இரவு அழுதாள். இந்த முறை அப்படி ஆகக் கூடாது. மூன்று சார்ட் பேப்பர் வாங்கி வைத்திருக்கிறோம். முன்னுரை, தலைவர்கள், நடந்த வழி, முடிவுரை என்று பிரித்து எழுதலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சமூக அறிவியல் டீச்சர் (சனி, இரவு 10.15)

சார்ட்டில் இன்னும் பென்சில் வைக்க வேண்டாம் அம்மா. இருபது வருடமாகக் கண்காட்சி நடத்துகிறேன். முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடியும் பலகையை யாரும் படிப்பதில்லை. அது கட்டுரை, எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். கண்காட்சிக்கு வருபவர் நடந்துகொண்டே பார்க்கிறார். அவருடைய காலை நிறுத்த ஒரு கேள்வி வேண்டும்.

அந்தக் கேள்வி உங்கள் மகளுக்கு உண்மையாகவே வந்ததாக இருக்கட்டும். நாளைக்குக் காலையில் உட்கார வைத்துக் கேளுங்கள்: "இந்தக் கதையில் உனக்குப் புரியாதது என்ன?" அவள் சொல்வதை அப்படியே இங்கே எழுதுங்கள், நீங்கள் திருத்தாமல்.

பூண்டி அம்மா (ஞாயிறு, காலை 8.05)

டீச்சர், கேட்டேன். ராஜாஜி ஏன் போனார், உப்புக்கு ஏன் வரி, இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத்தனை பேருக்கும் தினமும் யாரும்மா சோறு போட்டாங்க?" என்றாள். இது சின்னப் பிள்ளைத்தனமான கேள்விதான், வேறு கேட்டுப் பார்க்கட்டுமா?

சமூக அறிவியல் டீச்சர் (ஞாயிறு, காலை 8.30)

வேண்டவே வேண்டாம்! அந்தப் பயணத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு அன்று திருச்சியில் காங்கிரஸ் தலைவர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் கிளம்பினார்கள். வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 28. சுமார் 240 கிலோமீட்டர், சராசரியாகத் தினம் 15, 16 கிலோமீட்டர் நடை, அதுவும் சித்திரை வெயிலில். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் அவர்களை அடித்து விரட்டவில்லை. வேறு வழி எடுத்தார். இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்று நோட்டீஸ் போட்டார், தண்டோரா போட்டார். நடப்பவர்களை விட்டுவிட்டு, நடப்பவர்களை வரவேற்கும் ஊர்க்காரர்களைப் பயமுறுத்தினார். ஊர் கதவைச் சாத்திக்கொண்டால் நூறு பேரும் பசியில் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு.

ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அப்படியென்றால் வழியெல்லாம் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். பாடநூலில் பெயர் வராத அந்த "யாரோ"வைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள். தலைப்பாகவே வையுங்கள்: சோறு போட்டால் சிறை! கீழே சின்னதாக: "1930இல் நூறு பேருக்கு யார் சோறு போட்டார்கள்?"

இனி பலகையில் என்ன ஒட்டலாம் என்ற குழப்பம் வராது. எந்தப் படமும் எந்த வரியும் இந்தக் கேள்விக்கு உதவினால் உள்ளே, உதவாவிட்டால் வெளியே.

குடந்தைக்காரன் (ஞாயிறு, காலை 9.50)

படிக்கும்போதே சிலிர்க்கிறது. எங்கள் கும்பகோணத்திலிருந்து ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பந்துலு ஐயர் என்பவர் கலெக்டர் உத்தரவு தெரிந்தே இவர்களைத் தன் வீட்டில் இரண்டு நாள் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அதற்காக அவருக்கு ஆறு மாதச் சிறை. உங்கள் தலைப்புக்கு நேரடிச் சான்று இவர்தான்.

மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்றும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். யார் வைத்தது என்று போலீசுக்குத் தெரியாது, நடந்து வருகிறவர்கள் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள்.

நாகை மண் (ஞாயிறு, காலை 11.20)

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, மன்னிக்கவும். ராஜாஜி சிறை போனார். சர்தார் வேதரத்தினம் வேதாரண்யத்தில் இவர்களுக்கு எல்லாமுமாக நின்றார், சிறையும் போனார். ருக்மணி லட்சுமிபதி உப்புச் சட்டத்தை மீறியதற்காகத் தண்டனை பெற்ற முதல் பெண். இவர்கள் படம் மேலே பெரிதாக வராமல் சோற்றைப் பற்றிப் பலகை வைத்தால் போராட்டமே சிறுத்துப் போகாதா? அது உப்புக்கான போராட்டம். 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டம், அரசின் ஏகபோகம், ஏழை வீட்டு உலை வரை வந்த வரி, இதெல்லாம் எங்கே போகும்?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே இந்தப் பெயர்கள் மறந்துகொண்டிருக்கின்றன என்ற வலியில் சொல்கிறேன்.

சமூக அறிவியல் டீச்சர் (ஞாயிறு, மதியம் 12.10)

உங்கள் வலி எனக்கும் உண்டு ஐயா. ஆனால் முப்பது வருடமாகத் தலைவர்கள் படத்தை வரிசையாக ஒட்டித்தானே வந்திருக்கிறோம்? அந்த வரிசையைப் பார்க்கும் பிள்ளை "சரி, பெரியவர்கள்" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. சோற்றிலிருந்து தொடங்கினால் அதே பிள்ளை, "சோறு போட்டதற்கா சிறை? ஏன்?" என்று கேட்கும். அங்கே உப்புச் சட்டம் வருகிறது. "யாருக்குப் போட்டார்கள்?" என்று கேட்கும். அங்கே ராஜாஜி வருகிறார். வேதரத்தினம் இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. கடைசியில் அவர்களை ஏற்றுத் தாங்கியவர் அவர்தானே.

நாகை மண் (ஞாயிறு, மதியம் 1.00)

அப்படி வருமென்றால் சரி. அப்போது வைரப்பனையும் சேருங்கள், அவரை விடவே கூடாது. முடிதிருத்தும் தொழிலாளி. சத்தியாகிரகிகளைத் துன்புறுத்திய போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று இருந்தவர். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. பூண்டியிலிருந்து பக்கம்தானே, ஒருநாள் பிள்ளையைக் கூட்டிவந்து அதையும் அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணையும் அவள் கையாலேயே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் இறக்கிய நூறு படத்தைவிட அந்த இரண்டு படம் பேசும்.

பிளக்ஸ் கடை (ஞாயிறு, மாலை 4.45)

தொழில்முறையில் சொல்கிறேன். ஒரே பிளக்ஸாக அடித்துத் தரச் சொல்லி வாரம் பத்துப் பெற்றோர் வருகிறார்கள். அடித்துக் கொடுப்பேன், என் பிழைப்பு அது. ஆனால் என் பையன் பலகைக்கு நான் அடிக்கவில்லை. பள பளவென்று மின்னும் தாள் ஹாலில் டியூப்லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும், பக்கவாட்டில் நின்றால் எழுத்தே தெரியாது. மங்கலான தாள்தான் நல்லது. இன்னொன்று, கடைசி நேரத்தில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் பிளக்ஸை என்ன செய்வீர்கள்? தனித்தனிச் சீட்டாக ஒட்டியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

தலைப்பு, வரைபடத்துக்கு அடிக்கோடு, இரண்டு போட்டோ மட்டும் அச்சடியுங்கள். மற்றதெல்லாம் பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும்.

கோட்டோவியன் (ஞாயிறு, இரவு 8.20)

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். அளவுகளைச் சொல்கிறேன் அக்கா, குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று சார்ட்டைச் சுவரில் ஒட்டாதீர்கள், மின்விசிறிக் காற்றில் கிழியும். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டால் கிடைக்கும். அதில் 48 அங்குல அகலம், 36 அங்குல உயரம் வெட்டி, நடுவில் 24, இரண்டு பக்கமும் 12, 12 என்று மடித்தால் மேசைமேல் தானாக நிற்கும். மடிக்கும் கோட்டை ஸ்கேல் வைத்து மழுங்கிய கத்தியால் பாதி ஆழம் மட்டும் கீறுங்கள். பிறகு வெள்ளைத் தாளால் முழுக்க மூடிவிடுங்கள். பெவிகாலைத் தாள் முழுக்கத் தடவினால் சுருங்கி அலை அலையாக வரும். பசைக்குச்சியோ இருபக்க டேப்போ போதும்.

நடுப்பகுதிக்கு வரைபடம். திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை மேற்கு கிழக்காக அகலம் சுமார் 125 கிலோமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் 21 அங்குலத்தில் அடங்கும், ஓரத்துக்கும் இடம் மிஞ்சும். காவிரி, கொள்ளிடம், கடல், இவை நீலம். நடந்த வழி மட்டும் தடித்த சிவப்பு நூல். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், ஐந்து ஊருக்கும் குண்டூசி. இதற்குமேல் நிறம் வேண்டாம்.

நிறைய பேர் தவறவிடுவது ஒன்று உண்டு. இன்றைய மாவட்ட எல்லைகளைப் போடாதீர்கள். 1930இல் நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்கள் கிடையாது, எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம்தான். ஒரே கலெக்டரின் உத்தரவு கடல் வரை எப்படிச் செல்லுபடியானது என்பது அப்போதுதான் பார்ப்பவருக்குப் புரியும்.

அடுத்தது எழுத்து. ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. "சோ", "போ" எழுதினால் ஒவ்வொன்றும் மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். "சோறு போட்டால்" ஒரு வரி, "சிறை!" அடுத்த வரியில் பெரிதாக. முதல் வரி 2 அங்குல உயரம், "சிறை" 4 அங்குலம். பக்கத்துச் சீட்டுகளின் தலைப்பு ஓர் அங்குலம், உள்ளே எழுத்து அரை அங்குலத்துக்குக் குறையவே கூடாது. சுழி, கொம்பு, கீழ்க்கால் எல்லாம் மேலும் கீழும் நீளும் என்பதால் வரிக்கு வரி தாராளமாக இடைவெளி விடுங்கள். எழுதி முடித்ததும் மூன்றடி தள்ளி நின்று, கண்ணாடி போட்ட உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

பூண்டி அம்மா (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் நன்றி. அட்டைப்பெட்டி கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு சிக்கல். ஒன்று, இணையத்தில் வேதாரண்யம் என்று தேடினாலும் காந்தியடிகள் தடியோடு நடக்கும் தண்டிப் படங்கள்தான் அதிகம் வருகின்றன. அதை ஒட்டலாமா? இரண்டாவது, நடந்தவர்கள் எத்தனை பேர்? 98, 100, 150 என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் 12 பேர் உப்பெடுத்ததாக இருக்கிறது. மகள் ரொம்பக் குழம்பிவிட்டாள்.

சமூக அறிவியல் டீச்சர் (திங்கள், இரவு 10.00)

குழம்பியது நல்லதுதான். வரலாற்று மாணவர் செய்கிற வேலையை அவள் இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள்.

படம்: தண்டிப் படத்தை வேதாரண்யம் என்று ஒட்டினால் அது பொய். சின்னதாக ஒரு மூலையில், "இதற்கு முன் தண்டி" என்று பெயரிட்டு ஒட்டலாம். காந்தியடிகள் சபர்மதியிலிருந்து 78 பேரோடு மார்ச் 12இல் கிளம்பி, சுமார் 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6இல் உப்பெடுத்தார். அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் திருச்சியில் நடை தொடங்குகிறது. இந்த ஒரே சீட்டு போதும்.

எண்: நடந்தவர்கள் வேறு, உப்பெடுத்தவர்கள் வேறு. பாடநூலின் 12 என்பது ராஜாஜி தலைமையில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறிய தொண்டர்கள். நடந்தவர்களுக்குச் "சுமார் நூறு பேர்" என்று எழுதி, "எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது" என்று கீழே ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே, இந்தப் பிள்ளை ஒன்றுக்கு மேற்பட்ட புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள் என்று நடுவருக்குத் தெரிந்துவிடும்.

மரக்கிளைப் பொட்டலத்துக்கும் இதேதான். இரண்டு நிறச் சீட்டு வையுங்கள். உத்தரவு, கைது, தேதி போன்ற பதிவான செய்திக்கு வெள்ளை. ஊரில் சொல்லக் கேட்டதற்கு மஞ்சள். கேட்ட கதையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அது கேட்ட கதை என்று சொல்லிவிட்டால் நேர்மையாகிவிடுகிறது. அதே மாதிரி, தண்டோரா வாசகத்தை அவள் எழுதி ஒட்டினால், "உத்தரவின் சாரம், என் சொற்களில்" என்று மேலே இருக்கட்டும். தாளைத் தேநீரில் நனைத்துப் பழைய ஆவணம் போலக் காட்டுகிறார்கள் சிலர். தயவுசெய்து அது வேண்டாம்.

கோட்டோவியன் (திங்கள், இரவு 10.40)

பொட்டலம் என்றதும் தோன்றியது. தெர்மாகோலில் உப்பளம், பருத்திப் பஞ்சில் அலை, இந்த மாதிரி எதுவும் வேண்டாம் அக்கா. ஒரு நிஜ வேப்பங்கிளையைப் பலகையின் மேல் மூலையில் கம்பியால் கட்டுங்கள். அதிலிருந்து வாழைச்சருகில் மடித்து நாரால் கட்டிய நாலைந்து பொட்டலம் தொங்கட்டும். பார்க்க வருகிறவர் கையால் பிரித்தால் உள்ளே மஞ்சள் சீட்டு, ஒவ்வொன்றிலும் கேட்ட செய்தி ஒன்று. பச்சை இலை ஒரே நாளில் வாடிக் கறுத்துவிடும், சருகு தாங்கும். கீழே மேசையில் ஒரு தட்டில் கல்லுப்பு. நம் பக்கத்துக் காற்றில் ஈரம் இழுத்துக் கசியும், அதனால் பலகையில் படாமல் தள்ளி வையுங்கள்.

பிளக்ஸ் கடை (செவ்வாய், காலை 7.30)

அருமை தம்பி. என் வேலையே குறைந்துவிட்டது, ரொம்ப மகிழ்ச்சி. தலைப்பை மட்டும் அனுப்புங்கள் அம்மா, இலவசமாக அடித்துத் தருகிறேன்.

பூண்டி அம்மா (புதன், இரவு 10.25)

நேற்று வேதாரண்யம் போய் வந்தோம். வைரப்பன் தூணையும் அகஸ்தியம்பள்ளித் தூணையும் அவளே போட்டோ எடுத்தாள். உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா அவள் கையில் ஒரு பிடி உப்பை அள்ளிக் கொடுத்தார். கடை உப்பு வேண்டாம், தட்டில் இதைத்தான் வைப்பேன் என்கிறாள்.

இன்று பலகையை ஒட்டிப் பார்த்தோம். எழுத்து அதிகமாகிவிட்டது. இடப்பக்கம் உத்தரவைப் பற்றி மட்டும் பதினெட்டு வரி. மாமனாரை மூன்றடி தள்ளி நிற்கவைத்துப் படிக்கச் சொன்னோம். நாலாவது வரியில் நிறுத்திவிட்டு, "மீதியை நீ சொல்லும்மா" என்றார்.

சமூக அறிவியல் டீச்சர் (புதன், இரவு 10.50)

உங்கள் மாமனார் மிகச் சரியாகச் சொல்லிவிட்டார். முதல் நாலு வரி பலகையில் இருக்கட்டும். மீதி பதினாலும் அவள் வாயில் இருக்கட்டும். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும். போன வருடம் அவள் சும்மா நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள், மாமனார், பக்கத்து வீட்டுப் பிள்ளை, மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கேள்வி கேளுங்கள், போதும். "ராஜாஜியை எப்போது கைது செய்தார்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஏப்ரல் 30, உப்பெடுத்த அன்றே. ஆறு மாதச் சிறை. சோறு போட்ட பந்துலு ஐயருக்கும் அதே ஆறு மாதம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

குடந்தைக்காரன் (வியாழன், காலை 6.55)

அந்த இரண்டு ஆறு மாதத்தையும் வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள் அக்கா. "உப்பெடுத்தவர்: 6 மாதம். சோறு போட்டவர்: 6 மாதம்." வேறு விளக்கமே வேண்டாம்.

பூண்டி அம்மா (வெள்ளி, இரவு 9.30)

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள், குரல் கம்மிப் போயிருக்கிறது. காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை பேசியிருக்கிறாள்.

"சிறை!" என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வந்தார்கள். ஆனால் நிற்க வைத்தது பொட்டலம்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பிரித்துப் படித்துவிட்டு அவர்களே திரும்பக் கட்டித் தொங்கவிட்டார்கள். மதியத்துக்குள் இரண்டு சருகு கிழிந்துவிட்டது. உபரியாக மடித்து எடுத்துப் போயிருந்ததால் சமாளித்தாள். ஒரு சார் வந்து, "நூறு பேர் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டாராம். எண்ணிக்கை மாறுகிற விஷயத்தைச் சொல்லி, வரைபடத்தைக் காட்டி, நாமக்கல் கவிஞர் இந்தப் பயணத்துக்காகவே வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்ததையும் சொல்லியிருக்கிறாள். அதை நான் சொல்லித் தரவில்லை.

பரிசு இரண்டாவது. முதல் பரிசு கல்லணை மாதிரி செய்த பையனுக்கு. தண்ணீர் நிஜமாகவே ஓடியது, அவனுக்குத் தகும்.

எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. ஒரு பாட்டி, யாரோ ஒரு பிள்ளையின் கொள்ளுப்பாட்டியாக இருக்கும், பலகை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் மாமியார் வீட்டில் ராத்திரியில் உலை வைத்து, விடிவதற்குள் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிடுவார்களாம், சமைத்த தடம் தெரியாமல் இருக்க. மகள் உடனே ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டி, பொட்டலத்தில் வைத்துக் கிளையில் கட்டிவிட்டாள்.

நாகை மண் (வெள்ளி, இரவு 9.50)

அந்தப் பாட்டி எந்த ஊர் என்று கேட்டீர்களா அம்மா?

பூண்டி அம்மா (வெள்ளி, இரவு 9.58)

அவர் எழுந்து போன பிறகுதான் மகளுக்கு அது தோன்றியது. வகுப்பு ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறோம். எந்தப் பிள்ளையோடு வந்தார் என்று திங்கட்கிழமை தெரிந்துவிடும்.

சமூக அறிவியல் டீச்சர் (வெள்ளி, இரவு 10.20)

திங்கட்கிழமை வரை விடாதீர்கள். வயதானவர், நாளைக்கே தேடிப் போங்கள். போனில் ஒலிப்பதிவு செய்ய அவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஊர், தெரு, மாமியார் பெயர், யாருக்குச் சமைத்தார்கள், எத்தனை நாள், எல்லாவற்றையும் மகளே கேட்கட்டும். மஞ்சள் சீட்டின் பின்பக்கத்தில் தேதியும் சொன்னவர் பெயரும் இப்போதே எழுதி வையுங்கள்.

பூண்டி அம்மா (வெள்ளி, இரவு 10.26)

சரி டீச்சர். காலையில் முதல் வேலை அதுதான். பலகையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம், வலப்பக்கத்தில் இன்னும் ஒரு சீட்டுக்கு இடம் இருக்கிறது.